குந்தவையும் வேண்டும், பொன்னாச்சியும் வேண்டும்

"கதைப் புத்தகம் படிக்கிற பெண் கெட்டுப் போவாள்" என்று சொல்லும் பெரியவர்கள் எங்கள் ஊரில் இன்றும் இருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பாடப் புத்தகம் எனக்கு அறிவைத் தந்தது. துணிவைத் தந்தவை நாவல்களே என்பேன்.

வளரும் பருவத்துப் பெண்களுக்குச் சரித்திர நாவலா, சமூக நாவலா என்று கேட்டால், பலரும் சரித்திரத்தையே நீட்டுவர். அதில் குற்றமில்லை. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' நாவலில் அரசியல் சூழ்ச்சிகளை அறிவால் எதிர்கொள்ளும் குந்தவை இருக்கிறாள். கோடிக்கரைக் கடலில் தனியே படகு செலுத்தும் பூங்குழலியும் இருக்கிறாள். குந்தவை தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த கொடைகளைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. பூங்குழலியோ கல்கியின் கற்பனை. எது வரலாறு, எது கற்பனை என்று பிரித்தறியப் பழகுவதும் கல்விதானே!

ஆனால், அரண்மனைப் பெண்ணுக்குக் கூலிக் கவலை இல்லை, நமக்கு உண்டு. ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' நாவலில் தூத்துக்குடி உப்பளத்து வெயிலில் உழைக்கிறாள் பொன்னாச்சி. வேலையிடத்தில் பெண் படும் தொல்லைகளை ஆசிரியர் மறைக்கவில்லை. "இதெல்லாம் சின்னப் பெண்கள் படிப்பதா?" என்கிறார்கள். அந்த வயதில் வேலைக்குப் போகும் பெண் அதை அனுபவிக்கலாம், படிக்கத்தான் கூடாதா?

நிமிர்ந்து நிற்கக் குந்தவை கற்றுத் தருவாள். நாம் எங்கே நிற்கிறோம் என்பதைப் பொன்னாச்சி காட்டுவாள். நண்பர்களே, உங்கள் தங்கையின் கையில் இரண்டு நூல்களையும் கொடுங்கள்!

- இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்