கட்டுமரம் சரி, பரையா எதுக்கு?

மறுபடியும் அந்த பார்வர்டு வந்துடுச்சு மக்கா. "ஆங்கிலத்துக்குத் தமிழ் தந்த சொற்கள்." கட்டுமரம் கேட்டமரான் ஆச்சு, சுருட்டு செரூட் ஆச்சு, மிளகுத்தண்ணி முல்லிகடானி ஆச்சு. உண்மைதான், சந்தோஷம். காசுதான் கேஷ் ஆச்சுங்கிறது மட்டும் பாதி உண்மை. நம்ம பழைய சில்லறை நாணயத்தை வெள்ளைக்காரன் 'கேஷ்'னு சொன்னது காசுல இருந்து. இன்னிக்கு கல்லாவுல புழங்குற கேஷ், பணப்பெட்டியைக் குறிக்கிற ஐரோப்பியச் சொல்லுல இருந்து வந்தது. போகட்டும், அதுக்குச் சண்டை போடல.

என் சண்டை அதே லிஸ்ட்டுல பெருமையா உட்கார்ந்திருக்கிற 'பரையா'வோட.

காலேஜ் படிக்கும்போது வண்ணார்பேட்டையில ஒரு மாடியில ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போனேன். ஒருநாள் போர்டுல 'சோஷியல் பரையா'ன்னு எழுதி, "எல்லாரும் ஒதுக்கி வச்ச ஆள்னு அர்த்தம், நோட் பண்ணிக்கோங்க"ன்னார் சார். எல்லாரும் எழுதினோம். பக்கத்துல இருந்த பையன் மட்டும் பேனாவை மூடி வச்சுட்டான். ஏன்னு எனக்கு அன்னிக்கு உறைக்கல. அதுதான் இப்பவும் உறுத்துது.

பறை என்ற சொல்லில் இருந்து வந்த பெயர்னு 1886-ல வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியே சொல்லுது. தோல்கருவியோட தொடர்புள்ள ஒரு சமூகப் பெயரை 'விலக்கப்பட்டவன்'னு மாத்தினது ஆங்கிலம். அதை வெட்கமில்லாம வரவுக் கணக்குல எழுதுறது நாம.

"சொல்லுக்கு அர்த்தம் மாறும், அதுதானே மொழி?"ன்னு கேப்பீங்க. மாறட்டும். ஆனா இந்தப் பேரு இன்னும் நம்மாளுங்க சாதிச் சான்றிதழ்ல இருக்கே! இரட்டைமலை சீனிவாசன் 1893-ல 'பறையன்'னே பத்திரிகை ஆரம்பிச்சாரேன்னும் கேக்கலாம். தன் பேரைத் தலைநிமிர்ந்து சொல்றது வேற, அடுத்தவன் அதை வசவா ஆக்குறது வேற. அரசு ஆவணங்கள்ல 'ஆதி திராவிடர்'னு எழுதணும்னு எம்.சி. ராஜா சட்டசபையில போராடி வாங்கினது 1922-ல. நூறு வருஷம் தாண்டியும் இங்கிலீஷ் பேப்பர்ல 'பரையா ஸ்டேட்'னு தலைப்பு வருது.

சொல்லுக்கா பஞ்சம்? 'அவுட்காஸ்ட்' இருக்கு. அதுல வர்ற 'காஸ்ட்' சாதி இல்ல, தூக்கி எறியறது. போர்த்துகீசியர்கிட்ட வாங்கின சாதிச் சொல்லுக்கு முன்னாடியே ஆங்கிலத்துல இருந்த வார்த்தை. அதைச் சொல்லிக் குடுத்தா வகுப்பு நடக்காதா?

நம்ம ஊர் பேருலயும்தான் ஒரு சமூகத்தோட பேர் இருக்கு. பஸ்ல ஏறி "வண்ணார்பேட்டை ஒண்ணு"ன்னா கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுக்காரு. அது ஊர், யாரையும் வைறது இல்ல. 'பரையா' அப்படி இல்ல அண்ணாச்சி.

அடுத்த தடவை அந்த லிஸ்ட் வந்தா, அந்த ஒரு வரியை அழிச்சுட்டு அனுப்புங்க. திட்டுறவங்க பின்னூட்டத்துல திட்டலாம்.