கடை வாசலில் சைக்கிளுக்கு இடம் வேண்டும்



வரி, லைசென்ஸ், எடைக்கல் முத்திரை என்று எத்தனையோ விஷயங்களை நமது இதழில் பேசியிருக்கிறோம். இம்முறை சைக்கிளைப் பற்றி எழுத வந்திருக்கிறோம். சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஊரே மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்ட பிறகு இது என்ன பேச்சு என்று கேட்கலாம். மதுரை கீழமாசி வீதியில் காலை ஒன்பது மணி முதல் பதினொரு மணி வரை கல்லாவில் உட்கார்ந்து வீதியைக் கவனித்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். வில்லாபுரம், சிந்தாமணி, அனுப்பானடி, செல்லூர் பக்கமிருந்து பெட்டிக்கடைக்காரர்கள், இட்லிக்கடை வைத்திருக்கும் தாய்மார்கள், கேனில் டீ கொண்டுபோய் விற்பவர்கள் இன்றும் சைக்கிளில்தான் வருகிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் ரொக்கத்துக்கு வாங்குகிறவர்கள். பேரேட்டில் பெயர் ஏறாத வாடிக்கையாளர்களின் அருமை மொத்த வியாபாரிக்குத் தெரியும்.

எங்கள் கடையில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அவனியாபுரத்திலிருந்து ஒரு சில்லறைக் கடைக்காரர் இருபது வருடத்துக்கு மேலாக வாரம் இரண்டு நாள் வந்துகொண்டிருந்தார். துவரம்பருப்பு, வற்றல், புளி, ஒரு தகரம் நல்லெண்ணெய், இதுதான் அவருடைய சிட்டை. ஒரு நாள் எங்கள் வாசலில் சைக்கிள் நிறுத்த இடமில்லை. எதிர்ச்சுவர் ஓரம் வரிசையாக நின்ற மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே சொருகிவிட்டு, எண்ணெய்த் தகரத்தைக் கேரியரில் கட்டிவைத்து, பாக்கிச் சரக்கை எடுக்கக் கடைக்குள் வந்தார். அதற்குள் யாரோ வண்டியை எடுக்க, சைக்கிள் சாய்ந்து, தகரம் வாய் பிளந்து, பதினைந்து கிலோ எண்ணெயும் சாக்கடைக்குப் போயிற்று. "விடுங்க அண்ணாச்சி, நம்ம நேரம்" என்று சொல்லி வேறு தகரம் வாங்கிக்கொண்டு போனார். பாதி விலைதான் வாங்கினோம். ஆனாலும் அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. விசாரித்தபோது, முன்னால் திறந்த இடம் உள்ள வேறொரு கடையில் சரக்கு எடுக்கிறார் என்று தெரிந்தது. விலையிலோ எடையிலோ அவருக்குக் குறை எதுவும் இல்லை.

அன்று வண்டியை எடுத்தது யார் என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் கணக்கப்பிள்ளை! பேங்குக்குப் போகிற அவசரத்தில் எடுத்திருக்கிறார்.

இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் விஷயமே இதில்தான் அடங்கியிருக்கிறது. வீதியில் இடமில்லை, இடமில்லை என்று நாம் மாநகராட்சிக்கு மனு எழுதுகிறோம். காலையில் முதலில் வந்து இடத்தைப் பிடிப்பது யார்? நாமும், நம் பிள்ளைகளும், நம் கடைச் சிப்பந்திகளும்தான். காலையில் நிறுத்திய வண்டி இரவு கடை சாத்தும்போதுதான் நகர்கிறது. எங்கள் பகுதியில் இரண்டு சந்துகளுக்கு இடையே நிற்கும் இருசக்கர வாகனங்களைப் பார்த்தால் பாதிக்கு மேல் கடைக்காரர்களுடையவை. போதாததற்குப் பலகை, மூட்டை, விளம்பரத் தட்டி. பத்து நிமிடம் நின்று சரக்கு வாங்கிப் போக வேண்டியவருக்கு மிஞ்சுவது சாக்கடை மூடிதான்.

ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தில் பல அடுக்கு வாகன நிறுத்தம் கட்டியிருக்கிறார்களே, அங்கே போகலாமே என்று சொல்வோர் உண்டு. மீனாட்சி கோயிலுக்கு வரும் கார்களுக்கு அது சரி. அரிசிச் சிப்பத்தைக் கேரியரில் ஏற்ற வந்தவர் சைக்கிளை அங்கே விட்டுவிட்டு, சிப்பத்தைத் தலையில் சுமந்தா போவார்? பாரம் ஏற்றும் சைக்கிளுக்குக் கடையும் நிறுத்தமும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நாள் முழுக்க நிற்கும் வண்டிக்கு அந்த அவசியம் இல்லை. ஆகவே தூரத்துக்குப் போக வேண்டியது நம் வண்டிகள். பக்கத்தில் நிற்க வேண்டியது அவர்கள் சைக்கிள்கள். இப்போது நடப்பது தலைகீழ்.

நெதர்லாந்தில் உத்ரெக்ட் ரயில் நிலையத்துக்கு அடியில் 12,500 சைக்கிள்கள் நிற்கும் நிறுத்தம் 2019-ல் முழுமையாகத் திறக்கப்பட்டது. முதல் 24 மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. அந்த அளவுக்கு நாம் ஆசைப்படவில்லை. நம் ஊர் ஸ்டாண்டுகளிலோ குத்தகை எடுத்தவர் கூடுதல் கட்டணம் தரும் மோட்டார் சைக்கிளை முன்னால் நிறுத்திக்கொண்டு, சைக்கிளை மூலைக்குத் தள்ளுகிறார். குத்தகைத் தொகையைக் கட்ட வேண்டியவர் வேறென்ன செய்வார்?

நமக்குத் தேவையானது கொஞ்சம்தான். ஒரு சைக்கிளுக்கு ஆறடி நீளமும், ஹேண்டில்பார் இடிக்காமல் இரண்டரை அடி அகலமும் போதும். இருபதடி வாசலில் எட்டு சைக்கிள் நிற்கும். ஒரு கார் அடைக்கும் இடமும் ஏறக்குறைய அவ்வளவுதான். தரை மட்டமாக இருக்க வேண்டும். இது மிக முக்கியம். பின்ஸ்டாண்டு போட்டு நிற்கும் சைக்கிளின் கேரியரில் கனத்த மூட்டையை வைத்தால் முன்சக்கரம் தூக்கும், ஹேண்டில் திரும்பும். சரிவில் நின்றால் அடுத்த நொடி விழும். பழைய டியூபால் மூட்டையை இழுத்துக் கட்டுகிறவருக்கு, சைக்கிளைச் சாத்திப் பிடிக்க ஒரு குழாய் இருந்தால் கூட ஆள் தேவையில்லை.

அந்தக் குழாய் எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் தவறு நடக்கிறது. சில அலுவலகங்களில் முன்சக்கரத்தை மட்டும் சொருகும் இரும்புச் சட்டம் வைத்திருப்பார்கள். பக்கத்துச் சைக்கிள் சாய்ந்தால் ரிம் கோணும், கம்பி ஒடியும். அதைவிட, இரண்டு கால் ஊன்றிய வளைவுக் குழாய், இடுப்புக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் இருந்தால் போதும். இருபுறமும் ஒவ்வொரு சைக்கிள் சாத்தலாம். சைக்கிளின் உடலையே சங்கிலியால் குழாயோடு பூட்டலாம். பின்சக்கரப் பூட்டை மட்டும் நம்பினால், திருட வருபவன் அலாக்காகத் தூக்கிப் போய்விடுகிறான்.

ஆனால் நம் வீதிக்கு ஒரு தனி விசேஷம் உண்டு. சித்திரைத் தேர் நான்கு மாசி வீதிகளையும் சுற்றி வருகிறது. எதையும் நிரந்தரமாக நட்டுவைக்க முடியாது, நடவும் கூடாது. தரையில் குழி பதித்து, குழாயைச் சொருகிப் போல்ட் போட்டு, திருவிழாவுக்கு முன் கழற்றி உள்ளே வைக்கிற மாதிரி செய்ய வேண்டும். நம் பட்டறைக்காரர்களுக்கு இது பெரிய வேலை அல்ல. குழி பதிக்க மாநகராட்சி அனுமதியும் போக்குவரத்துப் போலீசாரின் சம்மதமும் வேண்டும். அதைச் சங்கத்தின் பெயரில் கேட்டால்தான் மதிப்பு.

நான்கைந்து கிலோ வாங்குகிறவருக்காக வாசலை விடுவதா, காரில் வருபவர் மூட்டையாக வாங்குவாரே என்று ஒரு நண்பர் எங்களிடம் வாதாடினார். மூட்டையாக வாங்குகிறவருக்கு நாமே லோடு ஏற்றி அனுப்புகிறோம். அவர் காரை வாசலில் நிறுத்தி ஆவதென்ன? மேலும், கைப்பேசியைத் தட்டினால் பத்து நிமிடத்தில் சாமான் வீட்டுக்கு வருகிற காலம் இது. பெரிய வாடிக்கை எந்தப் பக்கம் சாயும் என்று யாரும் சொல்ல முடியாது. பெட்டிக்கடைக்காரரோ நம்மைத் தேடி வெயிலில் மிதித்து வருகிறார். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கிற சைக்கிளில் அம்மாவுக்குச் சாமான் வாங்க வரும் மாணவிகளையும் பார்க்கிறோம். அந்தப் பிள்ளைகள் லாரிக்கும் ஆட்டோவுக்கும் நடுவே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

கேட்பாரற்றுத் துருப்பிடித்துக் கிடக்கும் சைக்கிள்கள் இடத்தை அடைக்கும் என்ற பயம் நியாயமானதே. சீட்டுக் கட்டி, பதினைந்து நாள் பார்த்து, காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து அப்புறப்படுத்தலாம்.

அடுத்த செயற்குழுவில் இதை விவாதத்துக்கு எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பத்துக் கடைக்கு இருபதடி வாசல் சைக்கிளுக்கு மட்டும். சிப்பந்திகளின் வண்டிகளுக்குப் பல அடுக்கு நிறுத்தத்தில் மாதப் பாஸ், அந்தக் கட்டணம் முதலாளி பொறுப்பு. பாஸ் கட்டணத்தைக் குறைத்துத் தரும்படி சங்கம் மாநகராட்சியிடம் பேச வேண்டும். எங்கள் வாசலையும், சம்மதம் தந்துள்ள பக்கத்துக் கடை வாசலையும் முதலில் தருகிறோம். முதல் நான்கு குழாய்களின் செலவும் எங்களுடையது. மற்ற எட்டுக் கடைக்காரர்கள் செயலாளரிடம் உள்ள நோட்டில் கையெழுத்துப் போட்டால் போதும். எங்கள் கணக்கப்பிள்ளையின் வண்டி சென்ற மாதமே வீதியை விட்டுப் போய்விட்டது.