இரவுக்கு ஓர் இடம், ஒரு குழாய், ஒரு வடிகால்



உங்கள் கையில் இருப்பது கோடைப் பயணச் சிறப்பிதழ். இதைப் பற்றி அறிவித்த நாளிலிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பாரிஸ், ஸ்டுட்கார்ட், சூரிச் பக்கம் குடியிருக்கும் வாசகர்களும், அங்குள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோரும் அதிகம் கேட்டிருப்பது மோட்டார்ஹோம் பயணம் பற்றித்தான். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் அந்த வண்டியை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு சுற்றிவர ஆசை. எந்த வண்டி, என்ன வாடகை என்பதையெல்லாம் ஏற்கெனவே விசாரித்து வைத்திருக்கிறீர்கள். கடிதத்தின் கடைசி வரியில்தான் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி வருகிறது: "ராத்திரி எங்கே நிறுத்துவது? தண்ணீருக்கும் கழிவுக்கும் என்ன செய்வது?"

தயங்க வேண்டியதே இல்லை. இந்தப் பயணத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அதற்கான பதிலுக்கே இந்தப் பக்கத்தை ஒதுக்குகிறேன்.

மோட்டார்ஹோமை நடத்துவது கண்ணில் படாத மூன்று தொட்டிகள். ஒன்றில் நல்ல தண்ணீர், சுமார் 100 லிட்டர். இன்னொன்றில் பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் சேரும். அதுவும் ஏறக்குறைய அதே அளவு. மூன்றாவது, கழிப்பறைக்கு அடியில் செருகியிருக்கும் 'கேசட்' என்ற பெட்டி. அதன் கொள்ளளவு 20 லிட்டருக்குள்தான். நான்கு பேர் கொண்ட குடும்பம் என்றால் இரண்டு நாளில் கேசட் நிரம்பிவிடும், நல்ல தண்ணீரும் தீர்ந்துவிடும். ஆகவே எவ்வளவு சொகுசான வண்டியாக இருந்தாலும் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு குழாயையும் ஒரு வடிகாலையும் தேடிப் போயே ஆக வேண்டும். அந்த இரண்டும் ஊர் ஊராகக் கிடைத்தால் பயணம் இனிக்கும். கிடைக்காத இடத்தில் பயணிக்கும் தொல்லை, ஊருக்கும் தொல்லை.

இதை நன்றாகப் புரிந்துகொண்ட நாடு பிரான்ஸ். அங்கே சில நூறு பேர் மட்டுமே வாழும் கிராமம்கூடத் தன் செலவில் மோட்டார்ஹோம் நிறுத்தம் அமைத்து வைத்திருக்கிறது. தேவாலயத்துக்குப் பின்னாலோ, விளையாட்டுத் திடலை ஒட்டியோ சமமான தரை, நாலைந்து வண்டி நிற்க இடம். வண்டியிலிருந்து நீர் வடிவது போன்ற படம் போட்ட பலகை வழிகாட்டும். ஓரமாக இடுப்புயரத்தில் ஒரு சேவைத் தூண் நிற்கும். அதில் நாணயமோ வில்லையோ வங்கி அட்டையோ போட்டால் தண்ணீர் வரும், சில இடங்களில் மின்சாரமும் வரும். வில்லை வேண்டுமானால் ஊர் ரொட்டிக் கடையிலோ ஊராட்சி அலுவலகத்திலோ வாங்கிக்கொள்ள வேண்டும். சில யூரோ கொடுத்தால் தொட்டியை நிரப்பிக்கொள்ளலாம். இரவு நிறுத்தக் கட்டணமும் பல ஊர்களில் சொற்பம். சில ஊர்களில் இலவசமாகவே விடுகிறார்கள்.

ஊருக்கு இதில் என்ன லாபம்? ரொட்டிக் கடைக்கு வில்லை வாங்க வந்தவர் ரொட்டி வாங்காமல் திரும்புவதில்லை. மாலையில் காலாற நடந்து காப்பிக் கடையில் உட்கார்வார், மறுநாள் சந்தையில் காய்கறி வாங்குவார். விடுதி கட்ட வசதியில்லாத ஊரும் ஒரு குழாயையும் ஒரு வடிகாலையும் வைத்து விருந்தாளிகளை வரவழைத்துக்கொள்கிறது.

ஜெர்மனியில் இத்தகைய நிறுத்தத்துக்கு 'ஸ்டெல்பிளாட்ஸ்' என்று பெயர். மோசல் ஆற்றங்கரைக்குப் போகிறவர்கள் திராட்சைத் தோட்டங்களுக்குக் கீழே நீர் விளிம்பை ஒட்டி வரிசையாக வண்டிகள் நிற்பதைப் பார்க்கலாம். ஆற்றில் வெள்ளம் ஏறும் காலத்தில் அந்த இடங்களை மூடிவிடுவார்கள். குளிர்காலத்தில் போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். குழாய் உறைந்து வெடிக்கும் என்பதால் பல ஊர்களில் அப்போது தண்ணீரை நிறுத்திவிடுவார்கள்.

கேசட்டைக் காலி செய்வதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். முதன்முறை போகிறவர்களை அச்சுறுத்துவது இந்த வேலைதான். வண்டியின் வெளிப்பக்கத்தில் சிறு கதவு இருக்கும். அதைத் திறந்து கொக்கியை விடுவித்தால் பெட்டி வெளியே வரும். பல பெட்டிகளில் சிறு சக்கரமும் இழுக்கக் கைப்பிடியும் உண்டு. கழிவு இறக்குமிடத்துக்குக் கொண்டுபோய், மடங்கியிருக்கும் மூக்கை வெளிப்பக்கம் திருப்பி, மூடியைக் கழற்றிச் சாய்க்க வேண்டும். சாய்க்கும்போது கைப்பிடிக்கு அருகிலுள்ள காற்றுப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்தினால் சீராக இறங்கும். மறந்தால் குபுக் குபுக்கென்று தெறித்து உடையெல்லாம் பாழாகும். பிறகு அலசி, சிறிது தண்ணீரும் கழிப்பறைத் திரவமும் ஊற்றி மறுபடி செருகினால் வேலை முடிந்தது. ஐந்து நிமிடம் போதும். கையுறையை மட்டும் மறக்காதீர்கள்.

சேவைத் தூணில் பெரும்பாலும் இரண்டு குழாய்கள் இருக்கும். ஒன்று குடிநீருக்கு, மற்றது கேசட் அலச. குடிநீர்க் குழாயின் வாயில் கேசட்டை எக்காரணம் கொண்டும் கொண்டுபோகக் கூடாது. அடுத்து வரும் குடும்பத்தின் குழந்தை அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கப்போகிறது. பாத்திரம் கழுவிய நீருக்குத் தரையோடு பதித்த கம்பி வலை இருக்கும். வண்டியை அதன்மேல் ஓட்டி நிறுத்தி வால்வைத் திறந்தால் போதும். தெருவோர மழைநீர் வடிகாலில் அதைத் திறந்துவிடக் கூடாது. பல இடங்களில் அந்த வடிகால் நேராக ஆற்றில்தான் போய்ச் சேர்கிறது.

கழிப்பறைத் திரவத்திலும் கவனம் தேவை. கழிவுநீரைச் சுத்திகரிப்பவை நுண்ணுயிர்கள். கிருமியைக் கொல்லும் ரசாயனம் அதிகமாகச் சேர்ந்தால் சிறிய ஊர்களின் சுத்திகரிப்பு நிலையத்தில் அந்த நுண்ணுயிர்கள் பாதிக்கப்படும். ஜெர்மனியின் 'நீல தேவதை' சுற்றுச்சூழல் முத்திரை இத்தகைய திரவங்களுக்கும் வழங்கப்படுகிறது. வாங்கும்போது அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது சட்டம். வண்டியை நிறுத்தி உள்ளே தூங்குவது வேறு, முகாம் போடுவது வேறு. இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதி வைத்திருப்பது இத்தாலி. 1992-இல் வந்த அந்நாட்டுச் சாலைச் சட்டத்தின் 185-ஆவது பிரிவின்படி, வண்டி தன் சக்கரங்களில் மட்டும் நிற்க வேண்டும். எஞ்சின் புகையைத் தவிர எதையும் வெளியே விடக் கூடாது. தன் அளவுக்கு மேல் இடத்தை அடைக்கக் கூடாது. இந்த மூன்றுக்கும் உட்பட்டிருந்தால் அது நிறுத்தமே, முகாம் ஆகாது. நாற்காலியை வெளியே போட்டாலோ பந்தலை விரித்தாலோ கதை மாறிவிடும். ஜெர்மனியில் ஓட்டுநர் களைப்பு தீர, தடையில்லாத பொது நிறுத்தத்தில் ஓர் இரவு தூங்கி எழ அனுமதி உண்டு. பிரான்ஸில் மற்ற வாகனங்கள் நிற்கும் இடத்தில் மோட்டார்ஹோமும் நிற்கலாம். ஆனால் ஒரே இடத்தில் தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் நின்றால் குற்றம். கடற்கரைகளிலும் பாதுகாக்கப்பட்ட இடங்களிலும் விதிகள் இன்னும் கடுமை. 'பார்க்ஃபோர்நைட்' போன்ற செயலிகளில் பயணிகள் குறித்து வைத்த இடங்கள் ஏராளம் கிடைக்கும். செயலியில் இருப்பதாலேயே அனுமதி இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். நேரில் நடப்பட்டிருக்கும் பலகை சொல்வதே இறுதி. பெருஞ்சாலை ஓய்விடங்களில் இரவு தங்குவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அங்கே திருட்டுப் பயம் உண்டு.

என் மனத்துக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு 1993-இல் பிரான்ஸில் தொடங்கிய 'பிரான்ஸ் பாசியோன்'. திராட்சைத் தோட்டக்காரர்களும் பாலாடைக்கட்டி செய்பவர்களும் மற்ற விவசாயிகளும் தங்கள் நிலத்தில் மோட்டார்ஹோம்களுக்கு 24 மணி நேரம் இலவசமாக இடம் தருகிறார்கள். ஆண்டுச் சந்தா கட்டி, அதற்கான ஒட்டுவில்லையை வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் போதும். எதையும் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தண்ணீரும் வடிகாலும் எதிர்பார்க்கக் கூடாது. எல்லாத் தேவையையும் வண்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். போனதும் வீட்டுக்காரரைப் பார்த்து வணக்கம் சொல்ல வேண்டும், புறப்படும்போது சொல்லிக்கொண்டு போக வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரைத் தன் தோட்டத்தில் படுக்கச் சொல்லும் அந்த விவசாயியின் நம்பிக்கையைக் காப்பாற்றுவது நம் பொறுப்பு.

வசதியும் ஒழுங்கும் பின்தங்கினால் என்ன நடக்கும் என்பதை நியூசிலாந்து கண்டது. 2011-இல் ரக்பி உலகக் கோப்பைக்குச் சற்று முன், பொது இடங்களில் முகாமிடுவதை முறைப்படுத்த அங்கே ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பின்னும், கழிப்பறை இல்லாத மலிவு வேன்களில் வந்தவர்கள் ஏரிக்கரையிலும் புதர் மறைவிலும் விட்டுப்போன அசுத்தம் உள்ளூர் மக்களைக் கொதிக்க வைத்தது. சிற்றூர்கள் பொதுக் கழிப்பறையும் வண்டி நிறுத்தமும் கட்டிக்கொள்ள 2017-இல் அரசு தனி நிதி ஒதுக்கியது. 2023-இல் இன்னொரு சட்டம் போட்டு, உள்ளாட்சி நிலத்தில் இரவு தங்கும் வண்டியில் நிலையாகப் பொருத்திய கழிப்பறை இருந்தாக வேண்டும் என்பதைப் பொது விதியாக்கியது. அது இல்லாத வண்டிகள், உள்ளாட்சி தனியாக அனுமதித்த இடங்களில்தான் தங்கலாம். வசதி செய்து கொடுத்துவிட்டுக் கண்டிப்பும் காட்டியது சரியான வழி என்றே நினைக்கிறேன்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. அந்த வண்டிகள் இருக்கட்டும். நம் ஊர் வேன்களைப் பாருங்கள். கார்த்திகையில் தொடங்கித் தை வரை சபரிமலைக்கும், தைப்பூசத்துக்குப் பழனிக்கும், ஆடி அமாவாசைக்கு ராமேசுவரத்துக்கும் எத்தனை குடும்பங்கள் வேனில் புறப்படுகின்றன! அடுப்பும் அரிசி மூட்டையும் கூடவே போகும். இருட்டிய பிறகு குளக்கரையிலோ பெட்ரோல் பங்க் ஓரத்திலோ வண்டியை நிறுத்திச் சமைத்துச் சாப்பிட்டு, கொஞ்ச நேரம் கண்ணயர்ந்து, விடியுமுன் கிளம்புவார்கள். தண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள். அந்தக் கூட்டத்தில் வரும் பாட்டியும் வயசுப் பெண்ணும் கழிப்பறைக்குப் படும் பாட்டை ஒருமுறையாவது வேனில் போனவர்கள் அறிவார்கள். எங்கே ஒதுங்குவது என்ற கவலையில் பயணம் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் வரும் பெண்கள் இருக்கிறார்கள்.

வழிப்போக்கருக்கு இரவில் இடம் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. ராமேசுவரம் போகும் யாத்திரிகருக்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. அன்று நடந்தும் மாட்டுவண்டியிலும் வந்தவர்கள் இன்று வேனில் வருகிறார்கள், அவ்வளவுதான். தேவை மாறவில்லை.

ஆகவே கோயில் நகர நகராட்சிகளுக்கும் வழியோர ஊராட்சிகளுக்கும் இந்த இதழின் வழியாக ஒரு வேண்டுகோள். பெரிய கட்டடம் எதுவும் கேட்கவில்லை. ஊருக்கு ஒன்றாக, விளக்கு எரியும் சமதரை ஒன்று; ஒரு குடிநீர்க் குழாய்; பாத்திரம் கழுவிய நீர் வடிய ஒரு தொட்டி; ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை; குப்பைத் தொட்டி; ஊர் எல்லையிலேயே வழிகாட்டும் பலகை. நியாயமான கட்டணம் வைத்து, பராமரிப்பை உள்ளூர் மகளிர் சுயஉதவிக் குழுவிடம் ஒப்படைத்தால் நாலு பேருக்கு வருமானமும் ஆகும்.

வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் மோட்டார்ஹோம் ஓட்டினாலும் சரி, இங்கே வேனில் போனாலும் சரி, நாம் நிறுத்திய இடம் நாம் வந்தபோது இருந்ததைவிடச் சுத்தமாக இருக்கட்டும். இந்தக் கோடையில் நீங்கள் தங்கும் இடங்களில் நல்ல வசதி இருந்தால் ஊர்ப் பெயரோடு எழுதி அனுப்புங்கள். என்ன கட்டணம், தண்ணீர் எப்படி, பெண்களுக்குப் பாதுகாப்பு எப்படி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஐப்பசி இதழில் அவற்றை ஊர்வாரியாகத் தொகுத்து வெளியிடுவோம். கார்த்திகையில் மாலை போடுகிறவர்களுக்கு அது பயன்படும்.

அன்புடன்,
ஆசிரியர்