லண்டன் மதுக்கடையும் மருங்காபுரிக் கூலியும்

மருங்காபுரிப் பக்கத்துக் கனவான் ஒருவர், மகனைப் பார்க்க லண்டன் போய்த் திரும்பியிருக்கிறார். வந்ததும் வராததுமாகத் துவரங்குறிச்சி டீக்கடையில் பிரசங்கம் ஆரம்பமாகிவிட்டது. மாநகரத்தின் நடு மத்தியில், பஸ்ஸும் காரும் நெரிகிற வீதியில், முந்நூறு வருஷத்துக்கு மேற்பட்ட மதுக்கடை ஒன்றைப் பார்த்தாராம். கறுத்துப்போன மர உத்திரமாம், கணப்பு அடுப்பாம், சுவரெல்லாம் சரித்திரமாம். போட்டோவும் காட்டினார். பிறகு சொன்னார்: "அங்கே குடிக்கிறவன் மனுஷன். ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுகிறான். நம்ம காட்டுக் கூலி, வாங்கின கூலியை அப்படியே ஊற்றிக்கொண்டு ரோட்டிலே விழுகிறான். ஜாதிபுத்தி எங்கே போகும்?"

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் நமது விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்களும் இருந்தார்கள். கூலிக்குப் போகிறவன் கனவான் முகத்துக்கு நேரே பதில் சொன்னால் மறுநாள் வேலைக்குக் கூப்பிட ஆள் வராது. ஆகவே நாம் சொல்கிறோம்.

கனவான் பார்த்தது பிளீட் வீதியிலுள்ள 'செஷைர் சீஸ்' என்று போட்டோவிலிருந்து தெரிகிறது. 1666ம் வருஷம் லண்டன் பெருந்தீயில் எரிந்து, 1667ல் திரும்பக் கட்டிய கடை. நல்ல பழைய கடைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த நாட்டு மதுக்கடைச் சரித்திரத்தைச் சுவரில் மாட்டிய படத்தை மட்டும் பார்த்துப் படித்தால் போதுமா?

தேம்ஸ் நதியில் வந்து நிற்கும் கப்பல்களிலிருந்து நிலக்கரி இறக்கிய தொழிலாளிகளின் கதையைக் கனவானுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அவர்களுக்கு வேலை கொடுத்த தரகன் யார்? மதுக்கடைக்காரன், அல்லது அவனுடைய மச்சான், மருமகன். அவன் கடையில் குடித்தவனுக்கே வேலை. வேலைக்கு முன்னால் குடிக்க வேண்டும், வேலை நடக்கும்போது குடிக்க வேண்டும், கூலியைக் குடிக் கணக்குக் கழித்துத்தான் வாங்க வேண்டும். குடிக்கமாட்டேன் என்றவன் பட்டினி. முதுகு ஒடியக் கரி இறக்கியவன் வீட்டுக்குக் கொண்டுபோனது சில்லறை. இந்த அநியாயம் பொறுக்காமல் அவர்கள் கூக்குரல் போட்ட பிறகு, 1843ல் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்து, ஆள் எடுக்கத் தனி ஆபீஸ் வைத்தது. சுரங்கத் தொழிலாளிக்கு மதுக்கடையில் கூலி பட்டுவாடா செய்யக் கூடாது என்று 1842ல் சட்டம் வந்தது. மற்றத் தொழிலாளிகளுக்கும் அது கிடைக்க 1883 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த வெள்ளைக்காரத் தொழிலாளி சனிக்கிழமை ராத்திரி எங்கே விழுந்து கிடந்தான் என்று ஏங்கெல்ஸ் 1845ல் எழுதிய 'இங்கிலாந்தில் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை' என்ற புஸ்தகத்தில் பார்க்கலாம். ரோட்டில்தான் விழுந்து கிடந்தான்! பன்னிரண்டு மணி நேரம் வேலை, ஒண்டக் குச்சில், நாளை என்னவாகும் என்று தெரியாத பிழைப்பு. இதிலிருந்து ஒரு ராத்திரி தப்பிக்க அவனுக்குச் சாராயத்தைத் தவிர வேறென்ன வைத்தார்கள் என்று ஏங்கெல்ஸ் கேட்டார். அது எந்த ஜாதியின் புத்தி, கனவானே?

'ஒரே கூரைக்குக் கீழே எல்லோரும் சமமாக உட்காருகிறார்கள்' என்பது அவர் சொன்ன இன்னொன்று. பழைய லண்டன் மதுக்கடைகளில் நடுவே பலகைத் தடுப்பு உண்டு. ஒரு பக்கம் கம்பளம் விரித்த 'சலூன் பார்', கனவான்களுக்கு. மறுபக்கம் வெறுந்தரையில் 'பப்ளிக் பார்', கைலியாட்களுக்கு என்று நம் ஊர்ப் பாஷையில் சொல்லலாம். கூலிக்காரன் முகம் கண்ணில் படாமலிருக்கச் சித்திரக் கண்ணாடியால் திரைகூட வைத்தார்கள். நம் ஊர் டீக்கடையில் இரட்டைக் கிளாஸ் வைத்தவர்களுக்கு இது புரியாததல்ல.

இவ்வளவும் சொன்னதால் அந்த மதுக்கடைகளை நாம் தூஷிப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். அங்கே மாடியறைகள் இருந்தன. தொழிலாளி கூட்டம் போட வேறு இடம் கிடையாது. மாதா கோயில் பாதிரியாருடையது, மண்டபம் பிரபுவினுடையது. 1792 ஜனவரியில் தாமஸ் ஹார்டி என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி, ஸ்டிராண்டுக்குப் பக்கத்து 'பெல்' என்ற மதுக்கடையில் ஒரு சிலரைச் சேர்த்துக்கொண்டு எல்லோருக்கும் ஓட்டுரிமை கேட்கும் சங்கத்தை ஆரம்பித்தார். வாரச் சந்தா ஒரு பென்னி. சோஹோவில் கிரேட் விண்ட்மில் வீதியில் 'சிவப்புச் சிங்கம்' என்று ஒரு மதுக்கடை. அதன் மாடியில் ஜெர்மன் தொழிலாளர் கல்விச் சங்கம் கூடும். தையற்காரர்கள், தச்சர்கள், கடிகாரம் செய்பவர்கள். 1847 நவம்பர் 29 முதல் டிசம்பர் 8 வரை கம்யூனிஸ்ட் கழகத்தின் இரண்டாவது மாநாடு அங்கே நடந்தது. 'நமது கொள்கையை எழுதிக் கொடுங்கள்' என்று மார்க்ஸிடமும் ஏங்கெல்ஸிடமும் ஒப்படைத்தார்கள். ஒருவருக்கு 29 வயது, மற்றவருக்கு 27. அவர்கள் எழுதிக் கொடுத்த அறிக்கை 1848 பிப்ரவரியில் அச்சாயிற்று. 1931ல் பெரியாரின் 'குடி அரசு' ஏட்டில் தமிழிலும் வரலாயிற்று. அந்த வீட்டில் இன்று அந்தச் சங்கமும் இல்லை, பழைய மதுக்கடையும் இல்லை. பின்னாளில் காக்டெயில் விற்கும் கடையாக மாற்றிவிட்டார்கள்.

(மார்க்ஸ் சந்நியாசியல்ல. லீப்னெக்டும் எட்கர் பௌவரும் அவரும் டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் கடை கடையாகக் குடித்துவிட்டு, நடுநிசியில் தெரு விளக்குகளைக் கல்லால் அடித்து உடைத்து, போலீஸ் துரத்த ஓடியதை லீப்னெக்டே எழுதியிருக்கிறார். ஒளிப்பானேன்?)

இப்போது நம் ஊர்க் கடைக்கு வருவோம். இங்கே மாடியறை இருக்கிறதா? ஜன்னலுக்குக் கம்பி வலை. கையை நுழைத்துப் பணத்தைக் கொடுத்து குவாட்டரை வாங்க வேண்டியது. பக்கத்திலே ஏலம் எடுத்தவர் நடத்தும் பார். தகரக் கூரை, பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர்ப் பாக்கெட். பத்து நிமிஷத்தில் குடித்துவிட்டு வெளியேற வேண்டும். பின்னால் ஆள் நிற்கிறான். இதில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து உலக விவகாரம் பேசச் சொல்கிறார் கனவான்! சங்கம் பேச அல்ல, சட்டைப் பையைக் காலி செய்யக் கட்டிய இடம் இது.

இதை யார் கட்டினார்கள்? வெள்ளைக்காரன் அப்காரிச் சட்டம் போட்டுக் கள்ளுக்கும் சாராயத்துக்கும் குத்தகை வாங்கினான். 1937ல் ராஜாஜி சர்க்கார் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வைத்தது. வருமானம் போயிற்றே என்று 1939ல் விற்பனை வரி வந்தது. 1948ல் மாகாணம் பூராவும் மதுவிலக்கு. ஆனால் டாக்டர் சர்டிபிகேட் வாங்க முடிந்தவருக்குப் பர்மிட், முடியாதவருக்குப் போலீஸ் லாக்கப். 1971ல் திறந்தார்கள், 1974ல் மூடினார்கள், 1981ல் மறுபடி திறந்தார்கள். 1983ல் டாஸ்மாக் பிறந்தது. 1987ல் கள்ளும் சாராயமும் நின்றன. சீமைச் சரக்கு மட்டும் நிற்கவில்லை. 2003 நவம்பரில் சில்லறைக் கடையையும் சர்க்காரே எடுத்துக்கொண்டது. கடையும் திரும்பி வந்துவிட்டது, கடைக்குப் பதிலாக வந்த வரியும் வேறு வேறு பெயரில் நம் தலையில் நிற்கிறது. இதற்கு எந்த நிதி மந்திரியாவது பதில் சொன்னதுண்டா?

2023 ஜூனில் 500 கடைகளை மூடினார்கள். மாலை போட்டார்கள், மேடையில் பேசினார்கள். 2023-24ல் மது வருமானம் 45,855 கோடி ரூபாய். மறு வருஷம் 48,344 கோடி! விலையேற்றமும் இதில் உண்டு. எப்படியானாலும் நாளொன்றுக்கு 132 கோடி. இது எந்தக் கனவானின் பையிலிருந்து வந்தது? மில் கேட்டில் ஷிப்ட் முடிந்து வந்தவனிடமும், நாற்று நட்டவள் புருஷனிடமும் வாங்கியது.

'மூடினால் கள்ளச் சாராயம் வரும்' என்பார்கள். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் அறுபது பேருக்கு மேல் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துச் செத்தார்களே, அப்போது டாஸ்மாக் மூடியா இருந்தது? பட்டை பட்டையாகத் திறந்திருந்தது. குவாட்டர் வாங்கக் காசு போதாத தினக்கூலிகள் பாக்கெட் சாராயத்துக்குப் போனார்கள்.

'மூடு' என்று பாடியவர் கதி என்ன? நம் திருச்சியிலேயே பாடகர் கோவனை 2015 அக்டோபர் 30 அன்று விடிவதற்குள் வீடு புகுந்து பிடித்துப் போனார்கள். தேசத்துரோகச் சட்டம் பாய்ந்தது. அவருடைய அமைப்புக்கும் நமக்கும் அபிப்பிராய பேதங்கள் ஆயிரம். ஒரு பாட்டுக்கு 124-ஏ பிரிவு என்றால், பாட்டு எங்கே சுட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

குடிக்கும் தோழர்களிடமும் ஒரு வார்த்தை. கனவான் உங்களைக் கேவலமாகப் பேசினால் நாம் அவரோடு மல்லுக்கு நிற்போம். ஆனால் 'உழைக்கிறவன் குடிக்காமல் என்ன செய்வான்' என்று நீங்களே சொன்னால், உங்கள் வீட்டுப் பெண்களின் பக்கம்தான் நிற்போம். மாலையில் கடை வாசலில் வந்து கூலியில் பாதியாவது பிடுங்கிப் போகக் காத்து நிற்கிறவள் உங்கள் எதிரியல்ல. கடைக்குள் தொகுப்பூதியத்தில் காலந்தள்ளிய விற்பனையாளனும் எதிரியல்ல. கடையை மூடும்போது அவனுக்கு வேறு சர்க்கார் வேலை கொடுக்க வேண்டும் என்பதும் நமது கோரிக்கையே.

பொன்மலை ரயில்வேத் தொழிலாளிக்கு மாடியறை எந்த மதுக்கடைக்காரனும் கொடுக்கவில்லை. வெட்ட வெளியில், சங்கத் திடலில் கூடினான். 1946 செப்டம்பர் 5 அன்று அங்கே மலபார் ஸ்பெஷல் போலீஸ் சுட்டு ஐந்து பேர் செத்தார்கள், திடல் போகவில்லை. மருங்காபுரி ஒன்றியத்தில் கடை இருக்கிற ஊரில் எத்தனை ஊருக்குப் படிப்பகம் இருக்கிறது, கூலியாட்கள் சாயங்காலம் உட்காரக் கூரை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

மே தினத்தன்று கிராம சபை கூடும். அன்று கடைக்கும் விடுமுறை. ஆகவே ஆண்கள் வராததற்குச் சாக்கு இல்லை. நம் ஊர் எல்லையில் உள்ள கடையை மூடு, அந்தக் கட்டிடத்தையோ வேறொன்றையோ படிப்பகத்துக்குக் கொடு, கூலியைக் கடைப் பக்கத்தில் வைத்துப் பட்டுவாடா செய்யாதே என்று மூன்று வரியில் தீர்மானம் எழுதிப் பெண்களைக் கொண்டு முன்மொழியச் சொல்லுங்கள். தலைவர் தட்டிக் கழித்தால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போதே ஆட்சேபத்தையும் எழுதுங்கள். நகல் ஒன்றைச் சங்க ஆபீசுக்கு அனுப்பிவையுங்கள்.