கோப்பை அலமாரி

ஆடி மாதத்து ஐந்தாம் வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் புதுச்சேரி முழுவதும் வீராம்பட்டினத்தில்தான் இருக்கும். செங்கழுநீர் அம்மன் தேர்! பிரெஞ்சுக்காரர் நாளில் கவர்னர் துரையே வந்து வடம் பிடித்தார்; இன்று துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் பிடிக்கிறார்கள். அந்தத் தேரைப் பார்க்கப் போன இடத்தில்தான் எனக்கும் என் நண்பர் ஒருவருக்கும் சண்டை மூண்டது.

சண்டைக்குக் காரணம் அவருடைய ஒன்பது வயதுப் பெண். கூட்டத்திலிருந்து தப்பி நாங்கள் கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்தோம். குப்பத்துப் பையன்கள், கரையேற்றியிருந்த படகின் விளிம்பில் ஏறிக் கரணம் அடித்து மணலில் குதித்துக்கொண்டிருந்தார்கள். இவள் பாவாடையைச் செருகிக்கொண்டு ஓடினாள். அதே படகு, அதே கரணம். ஆனால் அவர்களைவிட அழகு. பையன்கள் வாயைப் பிளந்தார்கள்.

“இவளை ஜிம்னாஸ்டிக்ஸில் சேர்க்கப் போகிறேன், ஸார்” என்றார் நண்பர்.

எனக்குச் சந்தோஷந்தான். ‘பெண் பிள்ளைக்கு எதற்கு இந்தக் குதியாட்டம்?’ என்று கேட்கும் கட்சியில் நான் இல்லை. புதுச்சேரிக்கு இது புதிதும் அல்ல. அரவிந்தர் ஆசிரமத்துப் பெண்கள் சென்ற நூற்றாண்டின் நடுவிலேயே அரைக்கால் சட்டை அணிந்து ஆண்பிள்ளைகளுக்குச் சமமாகத் தேகப்பயிற்சி செய்தார்கள். அவர்களுடைய டிசம்பர் 2-ஆம் தேதிக் காட்சியில் முதலிடமும் இல்லை, மூன்றாமிடமும் இல்லை.

நண்பர் இரண்டு இடங்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். முதல் இடத்தில் சுவர் அடங்கலும் கோப்பை அலமாரி. திங்கட்கிழமைதோறும் குழந்தைகளை எடை போடுவார்கள். பெற்றோர் உள்ளே வரக் கூடாது. “பெரியவளாவதற்குள் வாங்குகிற பதக்கத்தை வாங்கிவிட வேண்டும்” என்றாராம் அங்கே இருந்தவர். இரண்டாவது இடத்தில் கோப்பையே கிடையாது. ஓர் அம்மாள் கற்றுக்கொடுக்கிறாள். முதல் மாதம் முழுவதும் எப்படி விழுவது என்றுதான் பாடமாம்!

“விழுவதற்கா பணம் கட்டுவது?” என்று சிரித்தார் நண்பர். முதல் இடத்தையே முடிவு செய்திருந்தார். அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

கோப்பை அலமாரி எதைக் காட்டுகிறது? வென்றவர்களைக் காட்டுகிறது. ஒடிந்துபோய் வீட்டுக்குத் திரும்பியவர்களுக்கு அதில் தட்டு ஏது?

எலெனா முகினா என்ற ருஷ்யப் பெண் 1978-ல் உலகச் சாம்பியன். கால் எலும்பு முறிந்து, சரியாகக் கூடுமுன்பே பயிற்சிக்கு இழுத்துவரப்பட்டாள். 1980 ஜூலையில், மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்குச் சில நாட்களே இருக்கையில், அவளுடைய கழுத்து முறிந்தது. அப்போது வயது 20. 2006-ல் இறக்கும்வரை எழுந்து நடக்கவில்லை.

அமெரிக்காவுக்கு வாருங்கள். பதக்கம் குவித்த தேசிய அணியின் மருத்துவன் லாரி நாசர். சிகிச்சை என்ற பெயரில் அவன் சிறுமிகளுக்குச் செய்த கொடுமையை, 2018-ல் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் எடுத்துரைத்தார்கள். பெயர் பெற்ற இடம் பத்திரமான இடம் என்று நம்பித்தானே பெற்றவர்கள் ஒப்படைத்தார்கள்? பிரிட்டனில் 2022-ல் வெளியான விசாரணை அறிக்கையோ, தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்குப் போகவும் விடாத பயிற்சியாளர்களைப் பற்றிப் பேசுகிறது. இவையெல்லாம் கோப்பைக்குப் பஞ்சமில்லாத தேசங்கள், ஐயா!

“தீபா கர்மாகர் சும்மாவா வந்தாள்?” என்று மடக்கினார் நண்பர்.

நல்ல கேள்வி. தட்டைப் பாதம் கொண்ட அந்த அகர்தலாப் பெண் கடுமையாகத்தான் உழைத்தாள். ஆனால் 2016-ல் ரியோவில் நான்காவதாக வந்து, 0.150 புள்ளியில் வெண்கலத்தைத் தவறவிட்டபோது அவளுக்கு வயது 23. ஆசியத் தங்கம் வாங்கியது 2024-ல், 30 வயதில்! பெரியவளானால் எல்லாம் முடிந்தது என்பவன் இவளை எந்தக் கணக்கில் சேர்ப்பான்? 1976-ல் நாடியா கொமனேச்சி பத்துக்குப் பத்து வாங்கியது 14 வயதில் என்பது உண்மைதான். அதன்பிறகு உலகச் சங்கமே வயது வரம்பை உயர்த்தி, 1997 முதல் 16 ஆக்கிவிட்டது. சங்கத்துக்கே இல்லாத அவசரம் புதுச்சேரியில் ஒரு தகப்பனாருக்கு எதற்கு?

நம் தெருக்களில் கழைக்கூத்தாடி வருவானே, நினைவிருக்கிறதா? மூங்கில் உச்சியில் வயிற்றை வைத்துச் சுழலும் அவனுடைய பெண் குழந்தையைப் பார்த்து, ‘பாவி, பெற்ற பிள்ளையை இப்படியா வதைப்பான்!’ என்று சொல்லிக்கொண்டே நாம் காசு போட்டோம். அவன் சோற்றுக்காகச் செய்தான். மூன்று வேளையும் சாப்பிடுகிற நாம் பெற்ற பெண்ணைத் தராசில் ஏற்றி நிறுத்தி, இட்லியைக் குறைக்கச் சொல்வது எதற்காக? வரவேற்பறையில் ஓர் அலமாரிக்காக!

இதை நான் சற்று உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் சுண்டல் விற்றவர் திரும்பிப் பார்த்தார். நண்பர் பேசவில்லை. பெண் ஓடிவந்து, “அப்பா, இன்னும் ஒரே ஒரு தடவை!” என்றாள். தலையை ஆட்டினார்.

இன்னும் எங்கும் பணம் கட்டவில்லை என்று நேற்றுத் தகவல். செவ்வாய்க்கிழமை அந்த அம்மாளின் இடத்துக்கு மறுபடியும் போகிறாராம். பிள்ளைகள் பயிலும் கூடத்துக்குள்ளேயே பெற்றவர்கள் உட்கார நாற்காலி போட்டிருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லியிருக்கிறேன்.