துடைத்த பலகையை மீண்டும் துடைத்தல்

இரயில்வேக்காரர் வீட்டில் 'டிரைவர்' என்றால் எஞ்சின் ஓட்டுபவர்தாம். கணினிக்குள்ளும் டிரைவர் உண்டென்பதைச் சங்கத்து அன்பர் ஒருவரின் குமாரர் சென்ற ஞாயிறன்று நமக்கு எடுத்துரைத்தார். நெட்வொர்க் அட்டைக்கும் கெர்னல் என்னும் மூல நிரலுக்கும் இடைநின்று செய்திகளை வாங்கிக் கொடுக்கும் நிரலாம் அது. அதிலிருந்து ஒரு வரியை நீக்குவதே அவருடைய அன்றைய வேலை. ஒரு வரிக்கு ஒரு நாளா என்று நகைத்தோம். நகைத்தது பிழை.

அட்டையும் தானும் பகிர்ந்துகொள்ள டிரைவர் நினைவகத்தில் இடம் கேட்டு வாங்கும். பழைய எழுத்து மிச்சமிருக்கலாமாதலால், வாங்கியவுடன் அவ்விடத்தைச் சுழியிட்டுத் துடைப்பது நெடுநாள் வழக்கம். 2019 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 5.0 முதற்கொண்டு, கொடுக்கும் பகுதியே துடைத்துக் கொடுக்கலாயிற்று. ஆகவே டிரைவரிலுள்ள துடைக்கும் வரி மிகை. அதனால் பெருந்தீங்கு ஒன்றுமில்லை. எனினும் பின்னர் படிப்பவர், 'இவ்விடம் அழுக்காகத்தான் வரும் போலும்' என்று தவறாக எண்ணுவாரன்றோ?

முன்னர் நாம் பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில் பார்சல் விவரங்களை இரு பதிவேடுகளில் எழுதி வந்தோம். ஒன்று வீண் என்று சொல்லி நிறுத்தச் செய்தவர் நாமே. பெற்றுக்கொண்டவரின் கையொப்பம் அந்த ஒன்றில் மட்டுமே இருந்தது என்பது, ஒரு மூதாட்டியின் தையல் இயந்திரம் யார் கைக்குப் போயிற்றென்று தெரியாமற்போன அன்றுதான் நமக்கு உறைத்தது.

இதைக் கேட்ட அவ்விளைஞர், டிரைவர் அல்லாத வேறொரு நிரலின் கதையைக் கூறினார். 2006இல் டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டில், ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலின் சில வரிகளைச் சோதனைக் கருவி குறை கூறிற்றென்று நீக்கினர். இரகசியத் திறவுகோல்களுக்குத் தற்செயல் எண்களைச் சேர்த்தளித்தவை அவ்வரிகளே! அதன்பின் அங்கு உண்டான திறவுகோல்கள், ஒவ்வொரு வகையிலும் அளவிலும், ஏறத்தாழ 32 ஆயிரத்துக்குள் அடங்கிவிட்டன. அத்தனையையும் முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டு பூட்டைத் திறந்துவிடலாம். குட்டு வெளிப்பட்டது 2008 மே மாதத்தில்.

ஆதலின், அவ்விளைஞர் வரியை அழிக்குமுன் இடம் கொடுக்கும் பகுதியைத் திறந்து, அங்கே துடைக்கப்படுகிறதா என்று கண்ணால் கண்டார். புதிய கெர்னலில் வரியை நீக்கினார். 2018இல் வந்த 4.19 ஓடும் பழைய பெட்டிகளும் அவர் பொறுப்பில் உள்ளன. அப்பதிப்பில் சில இயந்திர வகைகளுக்குத் துடையாமலே இடம் கிடைக்குமாம். அங்கே அந்த வரி இருந்தபடியே இருக்கிறது.