பெயர் யார் கணக்கில் இருக்கிறது?



சிறு வணிகர்கள் சொந்த இணையதளம் தொடங்குவது பற்றிய கடந்த இதழ்க் கட்டுரை பயனுள்ளது. ஆனால் டொமைன் பெயரை ‘விலை குறைவான இடத்தில் வாங்கிக்கொள்ளலாம்’ என்று ஒரே வரியில் முடித்திருப்பதை ஏற்க முடியவில்லை. முதல் ஆண்டுச் சலுகை வெறும் தூண்டில். அடுத்த ஆண்டு புதுப்பிக்கக் கேட்கும் கட்டணத்தைத்தான் பார்க்க வேண்டும்.

விலையைவிட முக்கியம், பெயர் யார் கணக்கில் பதிவாகிறது என்பது. ஈரோட்டில் ஜவுளிக்கடை நடத்தும் என் மைத்துனருக்குத் தளம் அமைத்துக் கொடுத்தவர், டொமைன் பெயரைத் தன் கணக்கில், தன் மின்னஞ்சலில் பதிந்துவிட்டார். வேறு நிறுவனத்துக்கு மாற்றக் கேட்டபோது, அதற்குரிய ரகசியக் குறியீட்டைத் தராமல் மாதக்கணக்கில் இழுத்தடித்தார். பில், துணிப்பை, பெயர்ப்பலகை என எல்லாவற்றிலும் அச்சாகியிருந்த முகவரி அது. பணம் கட்டியவர் ஒருவர், பதிவேட்டில் உரிமையாளர் இன்னொருவர்!

டொமைன் பெயர்களை விற்கும் பதிவு நிறுவனமே ஆட்டம் கண்டால் நிலைமை இன்னும் மோசம். 2007-இல் அமெரிக்காவின் ரெஜிஸ்டர்ஃப்ளை நிறுவனத்துக்கான அங்கீகாரத்தை, உலக அளவில் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு ரத்து செய்தது. அதனிடம் இருந்த லட்சக்கணக்கான பெயர்கள் கோடாடி என்ற மற்றொரு பதிவு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டன. அதற்குள் பெயரை இழந்தவர்களும் உண்டு.

‘.காம்’ பெயர் விற்பவருக்கு ஐகான் அங்கீகாரமும், ‘.இன்’ பெயர் விற்பவருக்கு அந்தப் பெயர்களை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பின் அங்கீகாரமும் இருக்கிறதா என்பதை அந்த அமைப்புகளின் தளங்களிலேயே சரிபார்க்கலாம். இதையும், சொந்த மின்னஞ்சலில் பதிவது, தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கி வைப்பது ஆகியவற்றையும் அடுத்த இதழில் பெட்டிச் செய்தியாக வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், பவானி